கொட்டாஞ்சேனைக்கு லீக் எதற்கு?

இலங்கைத் தமிழரின் விளையாட்டு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய அறிவித்தலாவது: வெள்ளவத்தைக் கணினி பேஸ்போல் மகாசபை, தனது அமெச்சூர் ஃபீடர் லீக்கை அமைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது.

மகாசபை என்பது நான்கு பேர். ஏகமனது என்பது தலைவர் சவுந்தரநாயகம்.

அவர் ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர். ஞாயிறு பின்னேரங்களில் அவருடைய தொடர்மாடி வீட்டில், ஒரு மடிக்கணினியைச் சுற்றிச் சபை கூடும். இந்த விளையாட்டில் பந்தைத் தொடவேண்டியதில்லை. ஆளுக்கொரு தொழில்முறை அணி. ஆட்டங்களைக் கணினியே ஓட்டிக்கொள்ளும். கணினி வீரர்களுக்கும் வயது ஏறும், ஓய்வுபெறுவார்கள். அந்த இடங்களுக்குப் புதுப் பொடியன்களை வளர்த்து மேலே அனுப்பும் சின்ன லீக்தான் ஃபீடர் லீக்.

அதைக் கட்டியவள் யோசெப்பின். கொட்டாஞ்சேனைக்காரி, கப்பல் முகவர் அலுவலகமொன்றில் வேலை. ஒழுங்கைக்கு ஒழுங்கை அணி வைத்து, ஒவ்வொன்றுக்கும் உடுப்பு நிறம்கூடத் தெரிந்திருந்தாள். சவுந்தரநாயகம் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன பிள்ளை, ஜம்பட்டா வீதி அணி?"

"எங்கட ரோட்டு, சேர்."

"லீக்கின்ர பேர்?"

"கொட்டாஞ்சேனை லீக். மேலயே போட்டிருக்கு, கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

"அமெச்சூர் எண்டா ஒரு தரம் வேணும். ஒருத்தன் விளையாட வந்தா முதல் என்ன கேப்பம்? எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேப்பம்."

"கம்ப்யூட்டர் உண்டாக்கின பொடியன் சேர். அவன் பள்ளிக்கூடமே போகல்ல."

"அதுதான் பிழை!"

சபையின் இன்னோர் அங்கத்தவனான கொம்பனித்தெரு ஹஸன் சிரித்தான். "அப்ப டியூஷனுக்கும் சேத்து உடுவோமா சேர்?"

சவுந்தரநாயகம் தன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். செயலாளர் உமாசுதன், கணக்காளர், தன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். எது பெரிது என்ற சண்டையில் தேநீர் ஆறியது. கடைசியில் ஒரு மகத்தான சமரசம் பிறந்தது: பள்ளிக்கூடங்கள் அல்ல, பழைய மாணவர் சங்கங்களே அணிகளாகும். சம்பளமில்லாமல் ஆடுபவன் அமெச்சூர். சங்கத்தில் யாருக்கும் சம்பளம் இல்லை. வீரரின் குறைந்த வயது நாற்பத்தைந்து. "முப்பது வயசுக்காரனுக்குச் சங்கத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் தலைவர்.

"அப்ப என்ட லீக்?"

"கொட்டாஞ்சேனைக்கு லீக் எதுக்குப் பிள்ளை?"

இந்த நகரத்துத் தமிழருக்கு ஒரு வியாதி உண்டு. வெள்ளவத்தைக்காரன் ஊர்ப்பெயரை வாய் நிறையச் சொல்வான். துறைமுகத்தடித் தொழிலாளர் பகுதி என்பதால் கொட்டாஞ்சேனைக்காரன் மட்டும் வேலை கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் 'கொழும்பு 13' என்ற தபால் இலக்கத்துக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும்.

"நான் வேலைக்கு எழுதேக்க அக்கா என்ன சொன்னவ தெரியுமா?" யோசெப்பினின் குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. "'கொழும்பு பதின்மூண்டு எண்டு போடு. கொட்டாஞ்சேனை எண்டா கூப்பிடமாட்டாங்க.' அண்டையிலயிருந்து நான் ஒரு நம்பர். ஒரு விளையாட்டிலயாவது ஊர்ப்பேரப் போட்டன். அதுவும் பொறுக்கல்லையா உங்களுக்கு?"

"உணர்ச்சிவசப்படாதேங்கோ. தீர்மானம் எண்டா தீர்மானம்," என்று சொல்லிக்கொண்டே உமாசுதன் பொத்தானை அழுத்தினார். கொட்டாஞ்சேனை லீக் திரையிலிருந்து மறைந்தது.

அடுத்த ஞாயிறு பழைய மாணவர்கள் மைதானத்தில் இறங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே ஒருவருக்கு முழங்கால் போனது. பந்து எறிபவருக்குத் தோள் கழன்றது. தலைவர் பெருமையோடு தன் தொழில்முறை அணிக்குத் தெரிந்தெடுத்த நட்சத்திர வீரர், ஒப்பந்தம் எழுதிய அன்றே ஓய்வு அறிவித்தார்.

"சேர், உங்கட ஆளுக்குப் பென்ஷன் சரிவந்திருச்சு போல," என்றான் ஹஸன்.

பருவம் பாதிகூடப் போகவில்லை. ஓர் அணியிலும் ஒன்பது பேர் மிஞ்சவில்லை. போதிய வீரர்கள் இல்லாததால் தொடர முடியாது என்று சொல்லிவிட்டுக் கணினி நின்றது.

சவுந்தரநாயகத்தின் குரலில் திடீரென்று தேன் வடிந்தது. "பிள்ளை, உம்மட்ட அந்தப் பழைய லீக்கின்ர கொப்பி ஒண்டு இருக்குமெல்லே?"

"இருக்கு. பென் டிரைவில."

"போடுமன்."

"போடுறன். பேரோட."

"பொடியள் வரட்டும், அதில பிரச்சினையில்லை. பேரை மட்டும் 'கொழும்பு பதின்மூன்று லீக்' எண்டு மாத்துவம். கனடாவில இருந்து எங்கட சங்கத்து ஆக்களும் பாக்கிறவை. கௌரவமா இருக்கும்."

கேட்டாரே, அவள் அத்தனையும் சொன்ன பிறகும் கேட்டாரே! யோசெப்பின் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"உங்கட பழைய மாணவரையே வச்சு ஆடுங்க, சேர். ஃபீடர் லீக்குக்குப் பதிலா ரெண்டு ஆம்புலன்ஸ் போடுங்க."

"இது சபைக்கு அவமானம்!"

"சபையா? பேர் சொல்ல வெக்கப்படுற ஊர்லயிருந்து ஆள் மட்டும் வேணும் உங்களுக்கு. வீட்ட கூட்டித் துடைக்கவும் அங்கயிருந்துதானே ஆள் எடுக்கிறீங்க!"

கதவு அடித்துச் சாத்தப்பட்ட சத்தத்தில் சுவரிலிருந்த விருதொன்று கோணியது. ஹஸனும் செருப்பைத் தேடினான். "நில்லுங்க தங்கச்சி, நானும் வாறேன். ஏன்ட டீமுக்கும் ஆள் வேணும்."

எஞ்சிய இருவரும் உடனே அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். கண்டனத் தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிய, செயலாளர் வழிமொழிந்தார். கொட்டாஞ்சேனை என்ற சொல் லீக்கின் எந்தப் பக்கத்திலும் இனி வராது என்று விதி எழுதப்பட்டது. தலைவர் போஷகராகவும், செயலாளர் உபதலைவராகவும் பொருளாளராகவும் தெரிவானார்கள். கைதட்டிக்கொண்டார்கள்.

அணிகளில் ஆட ஒருவரும் இல்லை.