நைலக்ஸ் முந்தானை

செம்பாக்கம் மரப்பட்டறையில் அங்காளம்மாள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, தேய்த்து முடித்த பெஞ்சின்மேல் உள்ளங்கையை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பை இப்போதெல்லாம் அவள் நம்புவதில்லை.

போன மாதமும் இப்படித்தான் இருந்தது. பிள்ளைகள் தொடையில் சிலாம்பு ஏறுகிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பெஞ்சுகள் திரும்பி வந்தன. முதலாளி சுப்பராயலு அவற்றை அவள் முன்னால் போடச் சொன்னார்.

"வயசாயி கை மரத்துப் பூட்ச்சு ஒனக்கு. இன்னொண்ணு திரும்பி வந்தா வேலைய வுட்டு நின்னுக்க."

கூட வேலை செய்யும் புஷ்பம், வயதில் சின்னவள், அவற்றில் ஒன்றைத் தொட்டதுமே விரலை இழுத்துக்கொண்டாள். அங்காளம்மாள் திரும்பத் திரும்பத் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. சோர்ந்துபோய் அதன்மேலேயே உட்கார்ந்து எழுந்தபோது, நைலக்ஸ் புடவை எதிலோ மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தாள். முடி கனத்தில் ஒரு சிலாம்பு.

அன்றோடு விரல்களை நம்புவதை விட்டுவிட்டாள். முந்தானையைப் பலகைமேல் போட்டு மெல்ல இழுப்பாள். மாட்டும் இடத்தில் மறுபடி உப்புத்தாள்.

இப்போதும் இழுத்தாள். நடுவில் மாட்டியது. தேய்த்தாள். அடுத்த முறை துணி தண்ணீர்போல் வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு மனசு நிறைந்தது.

"எக்கா, பொடவ ஒனக்கா, பெஞ்சுக்கா?" என்றாள் புஷ்பம்.

"ரெண்டு பேருக்கும் சேத்து இது ஒண்ணுதாண்டி கீது."

சுப்பராயலு வந்தார். ஓரமாகக் கிடந்த ஒரு பெஞ்சை நெடுகத் தடவினார். "ம், கண்ணாடியாட்டம் கீது. இதையும் வண்டில ஏத்து." சொல்லிவிட்டுப் போனார்.

புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத இன்னும் தேய்க்கவே இல்லக்கா."

"சும்மா இரு. அவருக்கும் என் வயசுதான். திரும்பி வந்தா நம்ம தலைலதான் விடியும்." அங்காளம்மாள் அந்தப் பெஞ்சைத் தன் பக்கம் இழுத்து முந்தானையைப் போட்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து டீச்சர் பெஞ்சுகளைப் பார்க்க வந்தார். சுப்பராயலுவின் கண் அங்காளம்மாளின் முந்தானையில் விழுந்தது. நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது.

"இன்னா கோலம் இது? அவங்க போற வரிக்கும் பின்னாடி போய் நில்லு."

பலகை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றாள். இந்தத் தடவை எதுவும் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும்.

"நல்லா ஸ்மூத்தா இருக்கே," என்று டீச்சர் சொல்வது கேட்டது.

"என் கை படாம இங்கருந்து ஒரு பெஞ்சும் வெளிய போவாது, மேடம்."

அடுக்குக்குப் பின்னால் அங்காளம்மாள், தொங்கிய நூல்களை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.