நான்கு பேர் போட்ட அட்டவணை

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா வீட்டைக் காலி பண்ணி உங்களை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று டிரைவரிடம் மகள் சொல்லியிருந்தாள். டிரைவர் வியாழக்கிழமை விழுந்தார். செவ்வாய்க்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயிலில், முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்று பத்து வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். அந்தக் கல்லூரி வகுப்பில் பெரியவர்களும் மாணவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அவர் மேஜையில் நர்சிங் பெண், பார்மசி மாணவன், பிசியோதெரபிப் பெண். போன வாரப் பாடம், நால்வரும் சேர்ந்து டிரைவரின் ஒரு நாளுக்கு அட்டவணை போடுவது.

காலையில் நடக்கணும் என்றாள் பிசியோ. அந்த நேரத்தில் நீர் பிரிய வைக்கும் மாத்திரை போட்டால் நடுவழியில் எங்கே ஒதுங்குவார் என்று பார்மசி அதை ராத்திரிக்குத் தள்ளினான். பகலில் தண்ணீரே குடிப்பதில்லையே என்று நர்சிங், படுக்கும் முன் இரண்டு டம்ளர் சேர்த்தாள். தனித்தனியே கேட்டால் எல்லாம் நியாயம். அதன்படி நடந்தவர் வியாழக்கிழமை ராத்திரி நாலு தடவை எழுந்தார். நாலாவது தடவை பாத்ரூம் வாசலில் சறுக்கினார்.

முழங்கையின் கறுத்த வீக்கத்தைக் காட்டியதும் மூவரும் ஆரம்பித்தார்கள்.

"மாத்திரை நேரத்தை மாத்தினது நீ" என்று பிசியோ பார்மசியைக் கைகாட்டினாள்.

"காலையில நடைன்னது யாரு?"

"பஞ்சாயத்து போதும், விழுந்தது நான்! ஸ்டீரிங் ஒண்ணு, பிடிக்க நாலு பேரு. வண்டி எங்க போகும்?"

"நீங்களும் தலையாட்டினீங்களே, தாத்தா?" என்றாள் பிசியோ.

டிரைவருக்குச் சுருக்கென்றது. காலையில்தான் போடணும் என்று டாக்டர் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. படித்த பிள்ளைகள் சொல்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"டாக்டரைக் கேக்காம மாத்தியிருக்கவே கூடாது" என்றான் பார்மசி.

"இதை இப்ப சொல்லு, மகராசா."

டிரைவர் சட்டென்று வாசலைப் பார்த்து, அவசரமாகச் சட்டைக்கையை இறக்கினார். மகள் அங்கே நின்றாள். "கிளம்பலாமாப்பா? இந்த வெயில்ல என்ன முழுக்கை?"

"நீங்களே சொல்லிடுங்க தாத்தா" என்றாள் நர்சிங், மெதுவாக.

டிரைவர் சட்டைக்கையை மறுபடி சுருட்டினார். "வியாழக்கிழமை விழுந்தேன்."

மகள் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். அட்டவணையை எடுத்து நின்றபடியே முழுக்கப் படித்தாள். "ஒரு ஆளை விழ வைக்க நாலு பேர் உக்காந்து திட்டம் போட்டீங்களா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டாக்டருக்கு இப்பவே போன் போடுங்கப்பா. ஒரு மாசம் பாக்கறேன், வீட்டைக் காலி பண்றது அப்புறம். அதுவரைக்கும் என்னைக் கேக்காம இதுல ஒரு வரி மாறக் கூடாது."

"அஞ்சாவது ஆளும் ஏறியாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் போனில் டாக்டர் நம்பரைத் தேடினார்.