ஊட்டிய கை

ஆடி மாதம் காவிரியில் புதுவெள்ளம் வந்தபோது ராமாயியின் மூத்த மகள் வசந்தாமணி சீதபேதியில் இறந்தாள். ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு வயது ராசுவின் துணியில் அதே ரத்தமும் சளியும் தெரிந்தன.

மோகனூரில் கொடுத்த கஷாயம் எதற்கும் கட்டுப்படவில்லை. ராமாயியின் புருஷன் சின்னண்ணன், பிள்ளையின் மலத்தைக் கொட்டாங்கச்சியில் எடுத்து இலையால் மூடிக்கொண்டு நாமக்கல்லுக்கு வண்டி கட்டினான். அங்கே டாக்டர் ஹபீப்பிடம் மைக்ராஸ்கோப் இருந்தது. போனவன் வெறுங்கையோடு திரும்பினான். கிருமி உடம்புச் சூட்டில்தான் ஊருமாம். ஆறிவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டமாம். பிள்ளையையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

மறுநாள் மூவரும் போனார்கள். ராமாயியின் மடியில் ராசு துவண்டு கிடந்தான். அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் முக்கி முனகி வெளியேற்றியதில் துளியை எடுத்து, விளக்கில் காட்டிச் சூடேற்றிய கண்ணாடித் தகட்டில் தடவினார் டாக்டர். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இருக்கு. ரத்தத்தைத் தின்னுட்டு ஊர்ந்துட்டிருக்கு" என்றார்.

பிள்ளையின் தொடையில் ஊசி போட்டார். மருந்து நெஞ்சைத் தாக்கக்கூடும், அதனால் அவனை எழுந்து நடக்கவிடக் கூடாது என்று எச்சரித்தார். பிறகு, நோவே தெரியாதவர்களிடமிருந்தும் இது பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று சொல்லி, பெற்றவர்கள் இருவரையும் சோதித்தார். சின்னண்ணனிடம் எதுவும் தென்படவில்லை. ராமாயியின் தகட்டைப் பார்த்தவர், வயிற்றில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று அவளைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. கல்லைத் தின்னாலும் செரிக்குமுங்க."

"பிள்ளைக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டறது யாரும்மா?"

"நாந்தானுங்க" என்றாள். பிள்ளையைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் நாந்தானுங்க ஊட்டுனேன்" என்றாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீராலும் வந்திருக்கலாம், ஈயாலும் வந்திருக்கலாம், இன்னாரால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. திரும்பும்போது சின்னண்ணன் பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டான்.

ஊசிகள் முடிவதற்குள் ராசுவுக்கு ரத்தம் நின்றது. அவனுக்குச் சோறூட்ட நாத்தனார் பொன்னாத்தாள் வந்து தங்கினாள். ராமாயி டாக்டர் கொடுத்த மாத்திரைகளை விழுங்கி, குடலைப் புரட்டும் வாந்தியோடு கிடந்தாள். கைகளைச் சாம்பலாலும் வெந்நீராலும் தோல் உரியத் தேய்த்தாள்.

தை பிறந்ததும் டாக்டர் அவளை மறுபடி சோதித்தார்.

"இந்தத் தடவை கிருமி தெரியல. அதனால இல்லைன்னு ஆயிடாதும்மா. இன்னும் பார்க்கணும்."

அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ராசு தத்தித் தத்தி ஓடிவந்தான். பசியில் அவள் சேலையைப் பற்றி இழுத்து, வாயைத் திறந்து காட்டினான். பொன்னாத்தாள் தோட்டத்துக்குப் போயிருந்தாள். ராமாயி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை அழத் தொடங்கினான்.