ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப்

கணவர் பாஸ்கலின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில்தான் ஏஞ்சலின் டீச்சருக்கு அந்தத் துணிச்சல் வந்தது. திண்டுக்கல்லில் இருவருமாக நடத்திவந்த ரத்தக்கொடையாளர் சங்கத்தின் கணினிப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பூசைக்கு முன்னால் எடுக்க மனம் வரவில்லை. இனியும் விட்டுவைத்தால் யாராவது அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீக்கும் கட்டளையைத் தட்டினார். யாரை நீக்க வேண்டும் என்ற வரியைத் தட்ட மறந்துவிட்டார். கணினி ஏன் எதற்கு என்று கேட்கவா போகிறது? ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் ஒரே மூச்சில் துடைத்துப்போட்டது.

பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. குஜிலியம்பாறை மணிமாறன் என்று ஒருவர். பிரசவமான மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

"ஓ நெகடிவ் ரெண்டு பேரு உடனே வேணுமாம்க்கா. இங்க திண்டுக்கல் ஆஸ்பத்திரில உங்க நம்பரத்தான் குடுத்தாக."

"செத்த நேரம் பொறுப்பா, அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டார். எதை அனுப்புவது?

சங்கத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த ஒட்டன்சத்திரத்துப் பவித்ராவைப் பிடித்தார்.

"பதறாதீங்க டீச்சர். பேக்கப் இருக்குதுங்களா?"

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து எடுத்தது பென்டிரைவ்ல இருக்கு. இது மேலயே போட்டுறவா?"

"வேண்டாமுங்க. ஃபைல் கெட்டிருந்தா மிச்சம் இருக்கற மத்த விவரமும் போயிருமுங்க. புதுப் பேருல காலியா ஒரு டேட்டாபேஸ் உண்டாக்குங்க. அதுக்குள்ள பேக்கப்ப ரீஸ்டோர் குடுங்க."

புதுப் பெயர் கொடுத்தார். பென்டிரைவ் கோப்பைக் காட்டினார். கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது பாழாய்ப்போன கணினி. பவித்ரா சொன்னபடி கோப்பை முதலில் கணினிக்குள் நகலெடுத்துவிட்டு மறுபடி காட்டினார். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதியைத் தாண்டி நின்றுவிட்டது. மணிமாறன் மீண்டும் கூப்பிட்டார். எடுத்து என்ன சொல்வது? எடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் அது தன் கையால் ஆனதுதான்.

கோடு நகர்ந்தது. முடிந்தது.

"நம்பிராதீங்க, எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க" என்றாள் பவித்ரா.

ஆயிரத்து நூற்று நாற்பது. அதில் ஓ நெகடிவ் ஒன்பது பேர். பெயரைக்கூடப் படிக்காமல் அப்படியே மணிமாறனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"நீ மேல இருந்து கூப்புடு. நான் கீழ இருந்து கூப்புடுறேன்."

கடைசியில் இருந்தவர் நாகல் நகர் பொம்மையன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பத்தே நிமிசம் டீச்சர், கெளம்பிட்டேன்."

வைத்த கையோடு டீச்சரின் கைப்பைக்குள் இன்னொரு கைபேசி அடித்தது. பாஸ்கலுடையது. அணைக்க மனமில்லாமல் தினமும் சார்ஜ் போட்டுக் கூடவே வைத்திருந்தார். சங்கத்தில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் பாஸ்கல்தான், ஓ நெகடிவ் பட்டியலில் மேலே இருப்பதும் அவர் பெயர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

எடுத்தார்.

"அண்ணே, என் சம்சாரத்துக்கு ரத்தம் வேணும்ணே. கொஞ்சம் வாரீகளா?"

அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

"இருந்தா இந்நேரம் வந்திருப்பாருப்பா" என்றார். "பொம்மையன் வந்துக்கிட்டிருக்காரு. நீ ரெண்டாவது நம்பரக் கூப்புடு."