கனடியேன் வீட்டு மாட்டுப்பேச்சு

பாகூரில் ரோசம்மாளின் கல்யாணத்துக்கு மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது, கடைசி ஓலைக்கு முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா அந்துவான் பெண் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சைகோனில் சுங்க உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். இப்போது வில்லியனூரில் நிலபுலன்.

"உங்க முப்பாட்டன் கனடாவுலேருந்து வந்து பயிர் வச்ச வெள்ளக்காரர்னு சொல்றீங்க. அதுக்கு இன்னா அத்தாட்சி?"

அந்த ஒன்றுக்காகத்தான் அவர் கூலிக்காரன் குடிசையில் பெண் எடுக்கச் சம்மதித்திருந்தார். ரோசம்மாளுக்கு வயது இருபத்தாறு. ஓலை வாசித்த பிறகு நின்றுபோனால் அவளை வேறு யார் கட்டுவார்கள்?

அத்தாட்சி தேடும் வேலை தம்பி சின்னப்பன் தலையில் விழுந்தது. பகலில் கரும்பு வெட்டிவிட்டு மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவன். எதையும் இரண்டு இடத்தில் விசாரிப்பான். அப்புறமும் சந்தேகம் தீராது. பிறப்புப் பதிவில் 'கனடியேன்' என்ற குடும்பப் பெயர் மட்டும் இருந்தது; பிரெஞ்சில் கனடாக்காரன் என்று அர்த்தம். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதியது. அதற்கு மேலே ஒன்றும் அகப்படவில்லை.

மிஞ்சியது அப்பா மரியசூசை ஏர் ஓட்டும்போது பேசும் பேச்சு. மாடு நடக்க 'நடி'. இந்தப் பக்கம் திரும்ப 'ஈ கடே'. படுத்தது எழுந்திருக்க 'ஏளு'. ஊரில் வேறு யாரும் இப்படிச் சொல்வதில்லை. "மாட்ட நாடகம் நடிக்கச் சொல்றியா?" என்று கேலி செய்வார்கள். வகுப்பு வாத்தியார், கனடாக் குடியானவர்களின் பிரெஞ்சு வேறு மாதிரி இருக்குமாம் என்றார். அந்த 'இருக்குமாம்' சின்னப்பனை உறுத்தியது. இருந்தாலும் அப்பாவின் மாட்டுப்பேச்சு கனடாப் பிரெஞ்சு என்றே அந்துவானிடம் சொன்னான்.

அவருக்குப் பிடித்துப்போயிற்று. "செவ்வாக்கிழமை மதகடிப்பட்டு சந்தையில ஒரு ஜோடி வாங்கணும். சம்பந்தியும் வரட்டும். அவரு வாயாலயே கேக்கறேன்."

சந்தையில் அவர் பார்த்து வைத்த ஜோடி அன்றுதான் வந்திறங்கியது. அவருடைய ஆள் நடேசன் அதட்டினான், வாலை முறுக்கினான். ஒன்று படுத்தேவிட்டது.

"சம்பந்தி, நீங்க பேசுங்க! கனடா பாஷையில!"

மரியசூசை கூச்சத்தோடு துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஏளு" என்றார். மாடு எழுந்தது. "நடி, நடி." ஜோடி நடந்தது. "ஈ கடே." திரும்பியது. அந்துவான் கைதட்டினார். சின்னப்பனுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. இன்றைக்கு வந்த மாட்டுக்கு இது எப்படிப் புரிகிறது?

ஜோடியை விற்க வந்த மாட்டுக்காரன் ஓடிவந்து மரியசூசையின் கையைப் பிடித்துக்கொண்டான். "யாவ ஊரு, அண்ணா? நம்ம மைசூர் சீமைக் கன்னடம் பேசறீங்களே!"

நடேசன்தான் முதலில் சிரித்தான். "கன்னடியன்னு சொன்னத வெள்ளக்காரன் கனடியேன்னு எழுதிக்கினான் போல! முப்பாட்டன் கப்பல்ல வர்லபா, மாட்டு வாலப் புடிச்சிக்கினு வந்திருக்காரு!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்துவான் சிரிக்கவில்லை. மாட்டுக்கான பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் குடையை விரித்தார்.

"சம்பந்தி, எங்களுக்கே தெரியாதுங்க..." என்றார் மரியசூசை.

"யாருப்பா சம்பந்தி?" குரல் உயரவில்லை. "மாடு உன் பேச்சத்தான் கேக்குது. வில்லியனூர் வரைக்கும் ஓட்டிக்கினு வா. கூலி தரேன்."

'வாணாம்பா' என்று சொல்லச் சின்னப்பன் வாயெடுத்தான். அதற்குள் அப்பா கையை நீட்டிவிட்டார். கூடவே நடந்தால் வழியில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். கயிற்றை வாங்கிக்கொண்டார்.

சின்னப்பன் தனியாக வீடு திரும்பினான். ரோசம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா எங்கடா?"

"மாட்ட ஓட்டிக்கினு அவங்க வூட்டுக்குப் போயிருக்காரு."

அவள் முகம் மலர்ந்தது. "அவங்க வூட்டுக்கா? அப்போ ஒத்துக்கினாங்களா?"

"கூலிக்குப் போயிருக்காரு, அக்கா."

மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது அந்த வீட்டிலிருந்து யாரும் கோயிலுக்குப் போகவில்லை.