செம்பட்டைத் தலைக்காரன்

கதவைத் தட்டிய பிறகுதான் டூகல்ட் ரென்னிக்கு அன்று என்ன நாள் என்பது உறைத்தது.

"யாரது?" உள்ளேயிருந்து வீட்டுக்காரி ஹெஸ்டரின் குரல்.

"நான்தான், ரென்னி. இப்பதான் ரயில் வந்துச்சு."

காலடி ஓசை கதவருகே வந்து நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை.

"இன்னும் யாரும் வரலையே" என்றாள் ஹெஸ்டர், மன்னிப்புக் கேட்பவள் போல.

அவன் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அதில் பயனில்லை. பருத்தி மில்லின் புகை படிந்து கறுத்திருந்த அந்தத் தெருவில் அவனுடைய செம்பட்டை முடியை அறியாதவர் இல்லை. புத்தாண்டுக் காலையில் கறுத்த முடிக்காரன் ஒருவன் கையில் நிலக்கரித் துண்டோடு முதலில் உள்ளே வர வேண்டும். செம்பட்டைத் தலை முந்திக்கொண்டால் அந்த வருஷம் வீட்டில் ஏதாவது ஒரு சாவு நிச்சயம்.

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திருமதி சாகர் தலையை நீட்டினாள்.

"தம்பி, புண்ணியமாப் போவுது, எங்க வாசப் பக்கம் திரும்பிடாதீங்க! எம் மருமகளுக்கு இது மாசம்."

"திரும்பலை, பயப்படாதீங்க."

"மத்தியானம் ஆட்டத்துல ரெண்டு கோல் போடுங்க, நானே உங்களைத் தூக்கிட்டு வர்றேன்!" என்று சிரித்துவிட்டு ஜன்னலை அடைத்தாள்.

அவன் படியில் உட்கார்ந்தான். ஊருக்குப் போயிருக்கவே கூடாது. ஸ்காட்லாந்தில் அண்ணன் வீட்டிலும் இதே கதைதான். நேற்று மாலை தேநீர் ஊற்றிக்கொடுத்த அண்ணி, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டாள். அவன் புரிந்துகொண்டு எழுந்துவிட்டான். புது வருஷத்தின் மணிகள் அடித்தபோது அவன் ரயில் பெட்டியில் தனியாக இருந்தான்.

தலைமுடி மட்டும் காரணமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான். கூலிக்குப் பந்தாடப் போனவன் என்று ஊரில் அவனைத் தள்ளி வைத்திருந்தார்கள். தான் தொடங்கி வைத்த பந்தாட்டச் சங்கத்தின் மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கப் போனான். பழைய தோழர்கள் ஒவ்வொருவராக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பந்து அவன் காலடிக்கு உருண்டு வந்தபோது, அவன் உதைத்துத் தருவதற்குள் ஒருவன் ஓடிவந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

பணத்துக்கு ஆடுவது இங்கிலாந்திலும் குற்றமாக இருந்த நாளில் இந்த ஊருக்குக் கூலிக்கு ஆட வந்த முதல் ஆட்டக்காரன் அவன். மில்லில் கிடங்கு ஆள் என்று பெயர். கிடங்குக்கு எத்தனை கதவு என்று அவனுக்குத் தெரியாது. அன்றெல்லாம் இங்கே பந்து கிடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு, யாராவது தட்டிப் பறிக்கும் வரை ஓடுவான். டூகல்ட் நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டு, காலியான இடத்துக்கு ஓடி, திரும்ப வாங்கிக் கோலுக்குள் அடித்தான். "பந்தைக் கண்டா பயமாடா?" என்று முதல் சனிக்கிழமை கத்தினார்கள். மூன்றாவது சனிக்கிழமை தோளில் தூக்கிக்கொண்டார்கள். வருஷக்கணக்காகத் தூக்கிய அந்தத் தோள்காரர்களில் ஒருவனும் அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்ததில்லை. காலியான இடத்தைத் தேடி ஓடுவதே அவன் ஆட்டம். வெளியிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டதோ என்று சில சமயம் நினைப்பான்.

"ஹெஸ்டரம்மா" என்றான், கதவைப் பார்த்து. முகம் தெரியாததால் பேசுவது சுலபமாக இருந்தது. "இன்னிக்கு நான் ஆடலை. புதுசா வந்த டாம் கெட்டிஸ்தான் ஆடறான்."

"தெரியும். நேத்து உங்க சங்கத்துக் கமிட்டி கிளெக் வந்து சொன்னாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"அந்தப் பையன் நல்லா ஆடிட்டா ரூம் அவனுக்காம். கமிட்டி வாடகை குடுக்கற ரூம். நான் என்ன சொல்ல முடியும்?"

"முட்டி வலி குறைஞ்சா..."

"அதைத்தான் போன குளிருக்கும் சொன்னீங்க."

அவள் சொன்னது உண்மை. மாடியில் அந்த ஒரு ஜன்னல் அறை, கீழே அவள் அடுப்பின் ஓசை, தேய்த்து வைத்த காலுறைகள். வீடு என்று அவன் நினைவில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

தெருமுனையில் பாட்டுக் கேட்டது. டாம் கெட்டிஸ் வந்துகொண்டிருந்தான்; தார் பூசியது போன்ற முடி, கையில் நிலக்கரி. வீட்டுக்கு வீடு அவனை இழுத்து உள்ளே விட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கோப்பை விஸ்கி ஊற்றாமல் யாரும் வெளியே விடவில்லை.

"அண்ணே! இங்க என்ன குளிர் காயறீங்களா?" சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இந்த ஊர்ல எல்லாரும் என்னை எப்படிக் கூப்பிடறாங்க பாருங்க! நான் இன்னும் ஒரு பந்துகூட உதைக்கலை!"

கதவு திறந்தது. டாம் உள்ளே போய்க் கரியை அடுப்பில் போட்டான். ஹெஸ்டரின் கன்னத்தில் முத்தமிட்டான். அதற்குப் பிறகே டூகல்ட் வாசலைத் தாண்டினான்.

வழக்கப்படி அவள் கோப்பையை நிரப்பினாள். டாம் குடித்தான். மறுபடி நிரப்பினாள். மூன்றாம் முறை புட்டியைச் சாய்த்தபோது அவள் கண் டாமைப் பார்க்கவில்லை, டூகல்டைப் பார்த்தது. விஸ்கி விளிம்பு வரை ஏறி நின்றது.

மத்தியானம் ஆட்டம். 'போதும், அவன் ஆட வேண்டியவன்' என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. டூகல்ட் அடுப்பின் பக்கம் திரும்பிக் கைகளைச் சூடு பண்ணிக்கொண்டான். ஊரில் தனக்குக் காட்டிய முதுகுகள் நினைவுக்கு வந்தன.

கிளெக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது டாம் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாசமாப் போச்சு! எவன்டா இவனுக்கு ஊத்தினது?"

"தெருவே ஊத்துச்சு" என்றாள் ஹெஸ்டர், கோப்பையைக் கழுவியபடி. "உங்க வீட்லயும் தானே?"

கிளெக்கின் முகம் சிவந்தது. "ஏய் ரென்னி, சட்டையை மாட்டு. சீக்கிரம்!"

முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினான். ஓட முடியாததால் நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பிரித்துக் கொடுத்தான். கடைசியில் யாரும் கவனிக்காத மூலையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து ஒரு கோல் போட்டான். ஊர் அதிர்ந்தது. தோளில் சுமந்து மதுக்கடை வாசல் வரை கொண்டுபோனார்கள். அங்கே அவனை இறக்கிவிட்டார்கள். ஒவ்வொருவனையும் அவனவன் பெண்டாட்டி சாப்பாட்டுக்கு வந்து இழுத்துப் போனாள்.

சேறு காயாத காலோடு தெருவுக்குத் திரும்பினான். வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவன் வெளியே நின்று தட்டினான்.

"திறந்துதானே கிடக்கு, எதுக்குத் தட்டறீங்க?" அடுப்படியிலிருந்து ஹெஸ்டர் கேட்டாள். "கிளெக் வந்தாரு. இந்த ஆட்டப் பருவம் முடியற வரைக்கும் ரூம் உங்களுக்குத்தானாம்."

டாம் தூங்கிய நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. அந்த மூன்றாவது கோப்பையை எனக்காகத்தான் ஊற்றினாயா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. வழக்கத்துக்கு ஊற்றினேன் என்று அவள் சொல்லிவிடலாம். பருவம் முடியும் வரை அந்தப் பதிலோடு மாடியில் படுத்திருக்க வேண்டும்.

"டீ இருக்கா?" என்று கேட்டான்.