கடல் பார்த்த மேசை

“மொதல்ல அங்க போயி இன்னா சாப்புட்றதுன்னு முடிவு பண்ணணும். ராட்டினம் எங்கயும் ஓடிப் போவாது” என்றார் ஹயாத் பாஷா.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். எதையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தால்தான் மனசு ஆறும். மெட்ராஸில் கடலோரமாக ஆனந்தபுரி என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா புதிதாகத் திறந்திருந்தது. கோடை லீவில் குடும்பத்தோடு போய் வருவது என்று முடிவானதிலிருந்து வீட்டில் பேச்சு ராட்டினத்தின் பக்கமே போகவில்லை. எல்லாம் சாப்பாடுதான்.

“காலைல திண்டிவனத்துல இட்லி. மத்தியானம் ஆனந்தபுரி ஓட்டல்ல பிரியாணி. கடலப் பாத்துக்கினே சாப்புடலாமாம். ஆனா ஆசியா, வெளியூரு இட்லிய நம்ப முடியாது. நீ ஒரு அடுக்கு இட்லி அவிச்சி எடுத்துக்கோ.”

“மத்தியானத்துக்கு?” என்று கேட்டாள் அவர் மனைவி ஆசியா பீவி.

“பிரியாணி அங்கதான். ஆனா மெட்ராஸ்காரன் இன்னா அரிசி போடுவானோ. ஒரு சட்டி நீயே பண்ணிக்கினு வந்துட்டேன்னு வெச்சிக்க, அங்க மேசையில வெச்சி சாப்புட்டுடலாம்.”

“அப்ப ஓட்டல்காரன் இன்னா பண்ணுவான்?”

“தண்ணி குடுப்பான்.”

கடையில் அப்பாவுக்குத் துணையாக உட்காரும் மகன் நவுஷாத் தன் பங்குக்குக் கறி சுக்கா கேட்டான். பத்தாவது எழுதியிருந்த மகள் ருக்சார், “எனக்கு ஒண்ணும் வாணாம்மா, ரவா லட்டு மட்டும் போதும்” என்று பெரிய மனசு காட்டினாள்.

ஆசியா பீவி முறத்தைக் கீழே வைத்தாள்.

“நல்லா கேட்டுக்குங்க. இந்த வூட்டுலருந்து ஒரு பருக்க வெளிய போவாது. நான் அந்த ஓட்டல்ல போயி உக்காருவேன். ஒருத்தன் வந்து இன்னா வேணும்னு கேப்பான். நான் சொல்லுவேன். அவன் கொண்டாருவான். நான் சாப்புடுவேன். அது நடக்கும்னா வரேன். இல்லன்னா நீங்க மூணு பேரும் போயி ராட்டினத்துல சுத்திட்டு வாங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆசியா பீவி அடுத்தவர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கல்யாணவீட்டுக்குப் போனால் வாசலிலேயே, “வந்துட்டியா, தாளிச்சாவ ஒரு பார்வ பாத்துடு” என்று சமையல்கட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூடப் பக்கத்துக் கட்டில்காரி கஞ்சிக்குப் பக்குவம் கேட்டு எழுப்பிவிட்டாள். எங்கே போனாலும் கையில் ஒரு கரண்டி வந்து சேர்ந்துவிடும். சாப்பிடுவது என்றால் கடைசியில், நின்றபடியே, சட்டியில் ஒட்டியிருப்பதை.

“சரி, ஓட்டலே ஆவட்டும்” என்றார் ஹயாத் பாஷா. “ஆனா பழக்கம் இல்லாம போயி நின்னா மானம் போயிடும். ஒத்திகை பாத்துக்கலாம்.”

கூடத்தில் மேசை போட்டார்கள். ஆசியா பீவி உட்கார்ந்தாள். ஹயாத் பாஷா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார்.

“இன்னா வேணும்?”

“சூடா ஒரு பரோட்டா.”

“மாவு பெசஞ்சி வெச்சிருக்கியா?”

“நான் சாப்புட வந்தவ.”

“அது தெரியுது. மாவு எங்க?”

ஒத்திகை அவள் பரோட்டா போட்டு நாலு பேரும் சாப்பிட்டதோடு முடிந்தது. அவள் கடைசியில் நின்றபடி சாப்பிட்டாள்.

மேசை கிடைக்குமா என்பது அடுத்த கவலை. லீவு நாளில் கூட்டம் நெரியும் என்று கேள்வி. ஹயாத் பாஷாவுக்கு இடம் பிடிக்கத் தெரிந்தது ஒரே வழிதான். சங்கராபுரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி மூன்று பேர் சீட்டைப் பிடித்துவிடுவார். துண்டு கிடக்கும் இடத்தில் கலெக்டரே வந்தாலும் உட்காரமாட்டார் என்பது இந்தப் பக்கத்துச் சட்டம். ஆகவே மெட்ராஸுக்கு வெல்லம் ஏற்றிப்போகும் லாரி டிரைவர் செல்லமுத்துவைக் கூப்பிட்டு, புதுத் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

செல்லமுத்து திரும்பி வந்து கடை வாசலில் லாரியை நிறுத்தினார்.

“போட்டுட்டேன் பாய். ஜன்னலோரம். கடலு அப்படியே மூஞ்சில அடிக்குது.”

“காத்துல பறந்துடாதே?”

“மேல ஒரு செங்கல்ல வெச்சிருக்கேன்.”

“ஓட்டல்காரன் ஒண்ணும் சொல்லலியா?”

“இது இன்னாய்யான்னான். கள்ளக்குறிச்சி பாத்திரக்கட பாய் துண்டுன்னேன். எப்ப வருவாருன்னான். வருவாருன்னேன். உங்க கடை நம்பரையும் குடுத்துட்டு வந்தேன்.”

அதற்கடுத்த வாரம் கடைக்கு டிரங்க் கால் வந்தது.

“சார், ஆனந்தபுரி ஓட்டல் மேனேஜர் பேசறேன். உங்க துண்டு பல நாளா உக்காந்துட்டே இருக்கு. ஒண்ணும் சாப்பிடல. முதலாளி வந்து பாத்துட்டுச் சத்தம் போடறார்.”

“அத எழுப்பாதீங்க சார். பேருக்கு ஒரு டீ குடுங்க.”

“டீயா?”

“சக்கர கம்மியா.”

மறுநாளும் கால் வந்தது. டீ ஆறிப்போய்விட்டதாம், வேறு போடட்டுமா என்று கேட்டார்கள். ஹயாத் பாஷா யோசித்து, பிஸ்கட்டும் சேர்த்துச் சொன்னார். ஆசியா பீவிக்கு இதைக் கேட்டுத் தூக்கம் போயிற்று.

“நான் இன்னும் வூட்டுல அடுப்பு ஊதிக்கினு கெடக்கேன். உங்க துண்டு கடலப் பாத்துக்கினு பிஸ்கட்டு சாப்புடுது. இனிமே ஒரு நாளும் தாங்காது. வர்ற ஞாயித்துக்கெழம கெளம்பறோம்.”

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், மறியல் என்று நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எப்போது எந்த ரோடு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. “ஞாயித்துக்கெழம எவன் மறியல் பண்ணுவான்? அவங்களுக்கும் லீவு வாணாமா?” என்றார் ஹயாத் பாஷா. வேன் பேசினார்.

கல்வராயன் மலைமேல் வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டார்கள். எலவனாசூர்கோட்டை தாண்டியதும் வேன் நின்றது. ரோட்டை அடைத்து ஒரு புளியமரம் விழுந்துகிடந்தது. அதன்மேல் கொடி. கொடியைச் சுற்றி ஐம்பது அறுபது பேர். தலைமை தாங்கியவர் கரும்புக்காரர் தங்கதுரை. ஹயாத் பாஷாவுக்குத் தெரிந்தவர்தான்.

“இன்னா தங்கதுரை, ஞாயித்துக்கெழமையில?”

“மத்த நாள்ல கரும்பு வெட்டு இருக்குது பாய். அதான்.”

“வழி விடுப்பா. மெட்ராஸ்ல துண்டு காத்துக்கினு இருக்குது.”

“யாரு வந்தாலும் வுட்றதில்லன்னு முடிவு. தாசில்தாரு ஜீப்பே அந்தாண்ட நிக்குது, பாருங்க.”

பின்னால் பஸ்ஸும் லாரியுமாகச் சேர்ந்துகொண்டே வந்தன. உச்சி வெயிலாயிற்று. பசி எல்லோர் முகத்திலும் தெரிந்தது. அப்போது ஹயாத் பாஷா வேன் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. சட்டி வந்தது. அரிசி, மிளகு, சீரகம், உப்பு எல்லாம் வந்தன. கடைசியாக ஒரு கரண்டி வந்தது.

“எதுக்கும் இருக்கட்டும்னு போட்டு வெச்சேன்” என்றார், மனைவியின் கண்ணைப் பார்க்காமல்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி, “அட, பாத்திரக்கட பாயம்மா! அப்ப நமக்கு சோறு உண்டு” என்றாள். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆசியா பீவி கரண்டியைப் பார்த்தாள். இதற்காகவா விடியுமுன் குளித்து, பெட்டியிலிருந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தோம் என்று நினைத்தாள். இப்போது இந்தக் கரண்டியைத் தொட்டால் ஆயுசுக்கும் இதுதான். ராட்டினம் பார்க்காமல் இருந்துவிடலாம். கடலைக்கூடப் பார்க்காமல் இருந்துவிடலாம். ஒரு வேளைச் சோற்றை ஒருத்தர் போட, உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்க முடியாது.

அவள் நேராகப் புளியமரத்துக்கு நடந்தாள். அடிமரத்தில் நல்ல அகலமான இடமாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தாள்.

“தங்கதுரை, இங்க வா.”

“இன்னா பாயம்மா?”

“அப்படிக் கேக்கக் கூடாது. இன்னா வேணும்னு கேளு.”

தங்கதுரை திகைத்துத் தன் ஆட்களைப் பார்த்தார். “இன்னா வேணும்?”

“இன்னா இருக்குது?”

மறியல்காரர்களுக்காக ஓரத்தில் ஒரு பெரிய அண்டாவில் சமையல் நடந்திருந்தது. “சாம்பார் சாதம் இருக்குது.”

“வேற?”

“அடியில கொஞ்சம் கெட்டியா சாம்பார் சாதம்.”

“மேலாப்புல இருக்கறத கொண்டா. சூடா.”

இலை வந்தது. கூட்டத்துக்கே முதல் இலை. கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆசியா பீவி ஒரு வாய் எடுத்து வைத்தாள். பருப்பு சரியாக வேகவில்லை. பெருங்காயம் தூக்கலாக இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. தான் சமைத்திருந்தால் வெட்கத்தில் யார் முகத்திலும் விழித்திருக்க மாட்டாள். இதற்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“காரமா பாயம்மா?” என்று பதறினார் தங்கதுரை.

“பேசாம போடு. அப்பளம் இல்லியா?”

அந்த நேரத்தில் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். சர்க்காரில் பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொண்டார்களாம், மறியல் வாபஸ், மரத்தை எடுக்கச் சொல்லி உத்தரவு. வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. கயிறும் கடப்பாரையுமாக ஆட்கள் ஓடிவந்து மரத்தருகே நின்றார்கள்.

“பாயம்மா, கொஞ்சம் எழுந்திரிங்க.”

“சாப்புட்டுக்கினு இருக்கேன். கண்ணு தெரியல? இன்னும் ரசம் வரல.”

“ரசம் வெக்கல பாயம்மா.”

“வெய்யி.”

ஹயாத் பாஷா வேர்த்து வழிய ஓடிவந்தார். “ஆசியா, ரோடு தெறந்துடுச்சி! இப்பக் கெளம்பினா சாயங்காலத்துக்காவது போயி மேசையில உக்காந்துடலாம்.”

“நான் உக்காந்துதான் இருக்கேன்.”

ரசத்துக்குப் புளியைத் தேடினார்கள். மரமே தரையில்தான் கிடந்தது. ருக்சார் கிளையிலிருந்து பறித்துக் கொடுத்தாள். ஆனால் மறியல் சமையல்காரர்கள் வாபஸ் செய்தி கேட்டதுமே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். தங்கதுரைக்குக் கரும்பு வெட்டத்தான் தெரியும். எல்லோரும் அடுப்பு வைத்திருந்தவரைப் பார்த்தார்கள். ஹயாத் பாஷா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ரோட்டிலேயே குந்தினார்.

“ஆசியா, புளிய எவ்ளோ கரைக்கணும்?”

“சாப்புட வந்தவங்கள எந்த ஓட்டல்ல இதக் கேப்பாங்க?”

“மொளகு தட்டிப் போடணுமா, முழுசாவா?”

ஆசியா பீவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாசில்தார் ஜீப்போடு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் நடந்தே வந்து சேர்ந்தார். வாபஸ் ஆன மறியல் இன்னும் ஏன் நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

“யாருய்யா இங்க தலைவரு?”

தங்கதுரை ஆசியா பீவியைக் காட்டினார். “இப்ப அவங்கதான் சார்.”

“எந்தக் கட்சி?”

“கட்சி இல்ல சார். பாத்திரக்கட.”

“கோரிக்கை இன்னா?”

“ரசம் சார்.”

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஆவுமா இன்னும்?”

“ஒரு கொதி வந்துடுச்சி” என்று அடுப்பருகிலிருந்து குரல் கொடுத்தார் ஹயாத் பாஷா. முகமெல்லாம் புகைக்கரி, கண்ணெல்லாம் தண்ணீர். “இருங்க சார், நொரை கட்டட்டும்.”

கடைசியில் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். மறியல்காரர்கள், பஸ் ஜனம், போலீஸ் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆசியா பீவி சோற்றில் குழி பண்ணிக்கொண்டாள். அவர் குனிந்து ஊற்றினார். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்து, உள்ளங்கையில் வழிந்ததை உறிஞ்சி, நிதானமாக விழுங்கினாள்.

“எப்படி இருக்குது?” என்று கேட்டார் ஹயாத் பாஷா. கடையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். இந்த ஒரு கேள்வியை இதுவரை அவர் யாரையும் கேட்டதில்லை.

“நல்லாவே இல்ல” என்றாள் ஆசியா பீவி, முகம் மலர. “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”